அப்பாவின் ஆர்எக்ஸ் 100க்குப் புது ஷாக்

கடலூர் ஓ.டி.யின் (ஓல்டு டவுன்) உப்புக்காற்று அப்பா பைக்கின் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் தின்றுவிட்டது. உள்ளே போய் வரும் ராடு முழுக்கத் துரு, ஆயிலை அடைத்து வைக்கும் சீலில் கசிவு. பள்ளத்தில் இறங்கினால் மூன்று தடவை குதிக்கும். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது, அதை அடக்குகிற ஆயில்தான் இல்லை.

கேஸ் நிரப்பிய புது ஷாக் வாங்கினேன். எல்லா வண்டிக்கும் சேரும் என்றார்கள். சேரவில்லை. மேல், கீழ் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே அளந்தால் பழையதைவிட 20 மில்லிமீட்டர் அதிகம். பின்பக்கம் அவ்வளவு உயர்ந்தால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நிமிர்ந்து, வேகத்தில் ஹேண்டில் அலைபாயும். சைடு ஸ்டாண்டில் வண்டி இன்னும் சாயும். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய நீளத்திலேயே தேடிப் பிடித்தேன்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக் அண்ணன் ஷாக்கை முதலில் தொடவே இல்லை. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடியது. பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங்ஆர்ம், ஃபிரேமோடு சேருகிற இடத்தில் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தது. "தம்பி, இத மாத்தாம எந்த ஷாக் போட்டாலும் வளைவுல வால் ஆட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. புஷ் மாற்றி, ஃபிரேமில் மேல் போல்ட் பிடிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்து, அப்புறம்தான் மாட்டினோம்.

நேற்று அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து சில்வர் பீச் வரை போனேன். வேகத்தடையில் ஒரே அமுக்கு, ஒரே எழுச்சி. அப்பா என் தோளைத் தட்டினார். தனியாக ஓட்டும்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, ஸ்பிரிங்கை ஒரு படி தளர்த்திப் பார்க்க வேண்டும்.