பெருந்தொகைகளும் பத்தின் வலுக்களும்

யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். ஒரு சதுர கிலோமீற்றரில் 10⁶ சதுர மீற்றர் அடங்குவதால் அதை 10⁹ சதுர மீற்றர் என எழுதலாம். மாரி காலத்தில் ஒருநாள் இப்பரப்பெங்கும் ஒரே சீராக 80 மில்லிமீற்றர், அதாவது 8 × 10⁻² மீற்றர், மழை பெய்ததாகக் கொண்டால், விழுந்த நீரின் கனவளவு 8 × 10⁷ கன மீற்றர். கன மீற்றர் ஒன்றுக்கு ஆயிரம் லீற்றர் என்பதால் அது 8 × 10¹⁰ லீற்றர். எண்ணாயிரம் கோடி லீற்றர்! பூச்சியங்களை வரிசையாக எழுதிப் பெருக்கியிருந்தால் ஓரிடத்திலேனும் ஒன்று தவறியிருக்கும். இங்கே சுட்டிகளை, அதாவது பத்தின் வலுவைக் காட்ட அதன் மேலே எழுதும் சிறிய எண்களை, கூட்டியதோடு வேலை முடிந்தது.

விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில், 1 அல்லது அதற்கு மேற்பட்டதும் 10 இலும் குறைந்ததுமான ஓர் எண்ணைப் பத்தின் வலுவொன்றால் பெருக்கி எழுதுகிறோம். என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த எல்லையை வெறும் பரீட்சை விதியாகவே மனனம் செய்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. 45 × 10⁷, 4.5 × 10⁸, 0.45 × 10⁹ ஆகிய மூன்றும் பெறுமானத்தில் சமமே. எல்லையை வகுத்துவிட்டால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரேயொரு வடிவமே மிஞ்சுகிறது. எனவே இரண்டு எண்களில் எது பெரிது என்பதைச் சுட்டிகளைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லலாம், அவை சமமாக இருந்தால் மட்டுமே முன்னுள்ள எண்களை ஒப்பிட வேண்டும்.

பெருக்கலும் வகுத்தலும் எளியவை. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரமான 1.5 × 10¹¹ மீற்றரை, ஒளியின் வேகமான செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றரால் வகுத்தால் 0.5 × 10³ வரும். அதை 5 × 10² செக்கன் எனத் திருத்தி எழுதினால், சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடமும் 20 செக்கனும் ஆகும் என்பது தெரிகிறது.

பிள்ளைகள் தடுமாறுவது கூட்டலில்தான். பூமியின் திணிவு 5.97 × 10²⁴ கிலோகிராம், சந்திரனின் திணிவு 7.35 × 10²² கிலோகிராம். இரண்டையும் கூட்டச் சொன்னால், பெருக்கலில் பழகிய கை 5.97 ஐயும் 7.35 ஐயும் உடனே கூட்டிவிடுகிறது, சிலவேளை சுட்டிகளையும் கூட்டிவிடுகிறது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் முதலில் வலுக்கள் ஒன்றாக வேண்டும். சிறிய எண்ணைப் பெரிய சுட்டிக்கு மாற்றி 0.0735 × 10²⁴ என எழுதியபின் கூட்டினால் 6.0435 × 10²⁴ கிடைக்கும். ஆயினும் பூமியின் திணிவை இரண்டு தசமதானங்களுக்கு மட்டுமே எடுத்திருப்பதால், விடையை 6.04 × 10²⁴ கிலோகிராம் என்று நிறுத்துவதே முறை.