தாண்டிக்குடி ஓடைப் பாறை: ஒரு படலப் பெரணியின் குறிப்புகள்

அக்டோபர் 4
மழை இல்லை. பாறையில் உள்ளவை எல்லாம் சுருண்டு கறுத்துக் கிடக்கின்றன. மதுரையிலிருந்து தம்பி இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 6
ஓர் இலையை ஓடைத் தண்ணீரில் நனைத்ததும் சற்று நேரத்தில் விரிந்துகொண்டது. படலம்போல் மெல்லிய இலைகொண்ட படலப் பெரணிகளின் இலைப்பரப்பு, நரம்புகள் நீங்கலாக, பெரும்பாலும் ஒரே செல் அடுக்கால் ஆனது. இலைத்துளைகளும் இல்லாததால் நீர் மேற்பரப்பு வழியாகவே உட்புகுந்து, அதே எளிமையுடன் வெளியேறியும் விடுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது கிளைத்தோடும் கருநரம்பு தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் படர்ந்திருந்த பாசியில் அது இல்லை. எனவே பெரணிதான், அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

அக்டோபர் 7
படலப் பெரணிகளின் இரு பேரினங்களில் இது எது: ஹைமனோஃபில்லமா, கிரெபிடோமேனஸா? வித்தகக் கூட்டத்தின், அதாவது வித்துகள் உண்டாகும் நுண்பைகளின் தொகுதியின், உறையைப் பார்க்காமல் இதைத் தீர்ப்பது வெறும் துணிச்சல். முன்னதில் உறை ஏறக்குறைய அடிவரை இரண்டாகப் பிளந்து, சிப்பி திறந்ததுபோல் இருக்கும். பின்னதில் அது புனலாக அமைந்து, வாயில் மட்டும் இரண்டு உதடுகளாகப் பிரிந்திருக்கும். அந்த உதடுகளே தேர்ந்தவர்களையும் ஏமாற்றுகின்றன. ஆனால் இந்தப் பாறையில் ஓர் இலைகூட வித்தகம் தாங்கவில்லை.

அக்டோபர் 9
இலை ஓரத்தில் பற்கள் இல்லை. ஆகவே ஹைமனோஃபில்லம் டென்டிகுலேட்டம் என்ற இனம் விலகுகிறது. அதே பேரினத்து ஜாவானிக்கத்துக்கும் பற்கள் கிடையாது. ஆனால் அதன் ஓரம் அலையலையாகச் சுருங்கியிருக்கும், இதுவோ தட்டையாக இருக்கிறது. அதன் இன்னோர் இனமான பாலியாந்தோஸ் மிஞ்சுகிறது என்று உடனே எழுதிவிடத் தோன்றுகிறது. எழுதப்போவதில்லை.

அக்டோபர் 10
மதுரையில் அறிக்கை வரவில்லையாம். இன்னும் இரண்டு நாள் என்கிறார்கள்.

அக்டோபர் 12
இரவு தூக்கம் வராததால் உருப்பெருக்கியுடன் அமர்ந்தேன். ஓரத்துக்குச் சற்று உள்ளே, அதற்கு இணையாக, மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது; எந்த உண்மை நரம்போடும் அது சேரவில்லை. தடித்த சுவருடைய நீண்ட செல்களின் வரிசையே இந்தப் பொய் நரம்பு. நீரைக் கடத்தும் திசு அதில் இல்லை. கிரெபிடோமேனஸ் மினூட்டத்தில் பொய் நரம்பே கிடையாது. அதே பேரினத்து லேட்டலேட்டத்தில் துண்டு துண்டாக உண்டு, ஆனால் ஓரத்தை ஒட்டித் தொடர்ந்து ஓடுவதில்லை. பைபங்டேட்டத்தில் ஓடும். அந்தக் கோடு விட்டுப்போகாமல் நுனிவரை செல்கிறதா என்று மூன்று இலைகளில் மறுபடியும் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்கு அது உதவியது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 13
செல்கிறது.

அக்டோபர் 15
நேற்றிரவு நல்ல மழை. பாறையின் அடியில், இதுவரை கை எட்டாத பிளவில், வித்தகம் தாங்கிய இலை ஒன்று கிடைத்தது. உறையின் கீழ்ப்பகுதி பிளவற்ற புனல். ஹைமனோஃபில்லம் அல்ல என்பது இத்துடன் முடிந்தது. வித்தகங்கள் அமரும் காம்பு முதிர்ந்தபின் வாய்க்கு வெளியே மயிர்போல் நீள வேண்டும். இதில் இன்னும் நீளவில்லை. உதடுகளின் வடிவத்தை நாளை வரைய வேண்டும். மதுரைக்கு வரச் சொல்லித் தம்பி அழைத்தால், அடுத்த வாரம்.