பேரனுக்குக் கொடுக்கலாமா?

ஆய்வக அறிக்கையைப் பார்த்து நான் கையெழுத்திட்டுப் பாலக் கீரைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்ன அதே ஜூலைக் காலையில், ஒதுக்கிய இலைகளை முந்தானையில் முடிந்துகொண்டிருந்த பறிப்புத் தொழிலாளி ஒருவர், "இதைப் பேரனுக்கு மசிச்சுக் குடுக்கலாமா சார்?" என்று கேட்டார். "இந்த வாரம் வேண்டாம்மா" என்றேன். அவர் காரணம் கேட்காமல் முடிச்சை அவிழ்த்து, இலைகளை உரக்குழியருகே கொட்டிவிட்டுப் போனார்.

எங்கள் கவலையெல்லாம் அதுவரை காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் மீதுதான் இருந்தது. நீலகிரியின் மண் அமில மண். அமிலம் கூடக்கூட அந்த உலோகத்தை வேர் எளிதாக உறிஞ்சும், பாஸ்பேட் உரத்தோடு அது சிறிது சிறிதாகச் சேரவும் செய்யும் என்பதால், பசுமைக்குடில் முழுவதும் சுண்ணாம்பு இட்டிருந்தோம். அறிக்கையில் காட்மியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற எல்லைக்கும், ஈயம் 0.3 என்ற எல்லைக்கும் வெகு கீழே இருந்தன. அந்த நிம்மதியில், செடி உரத்திலிருந்து உறிஞ்சும் நைட்ரேட் கிலோவுக்கு 3,900 மில்லிகிராம் என்ற கடைசி வரியை இரண்டாம் முறைதான் கவனித்துப் படித்தேன்.

கையெழுத்திட்டதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. கொள்முதல் படிவத்தில் நைட்ரேட்டுக்கு எல்லை ஏதும் குறிக்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 3,500 என்ற எல்லை ஸ்பினாச் என்ற வேறொரு கீரைக்கு உரியது. நம் பாலக் பீட்ரூட்டின் உறவு. அவர்களே பருவத்துக்கேற்ப 3,000 என்றும் 2,500 என்றும் வைத்திருந்த எல்லையை 2011-இல் உயர்த்தியவர்கள்தாம். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் இவற்றையெல்லாம் கையெழுத்திடுவதற்கு முன்பு நினைத்தேனா, பின்பு தேடிச் சேர்த்துக்கொண்டேனா என்பது எனக்கே தெளிவாக இல்லை.

நைட்ரேட் ஏறிய காரணம் எனக்குத் தெரியாததன்று. இலை தான் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற வெளிச்சம் வேண்டும்; தென்மேற்குப் பருவ மேகமும் பாசி படிந்த கூரையும் அதைத் தடுத்திருந்தன. இலை வெளுத்திருக்கிறதென்று சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டச் சொன்னவனும் நான்தான். வண்டி நேரத்துக்காக, நைட்ரேட் மிகுந்திருக்கும் விடியற்காலையிலேயே பறிக்கிறோம். நான்கு நாள் உரத்தை நிறுத்திப் பிற்பகலில் பறித்திருந்தால் அளவு குறைந்திருக்கும்.

ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க நைட்ரேட், உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 37 மில்லிகிராம். அந்தப் பாலக்கில் பத்துக் கிராம்கூட உண்ண வேண்டாம், அந்த அளவு வந்துவிடும். இந்தக் கணக்கை அந்த அம்மா கேட்ட நொடியில்தான் மனத்துக்குள் போட்டேன். பெட்டிகளைப் பார்த்தபோது போடவில்லை.

ஒருவேளை அவரிடம் சொன்னதுதான் பிழையோ என்றும் தோன்றுகிறது. கீரையின் நன்மை நைட்ரேட்டின் தீமையைவிடப் பெரிது என்றே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் முடிவு செய்தது. வேகவைத்த நீரை வடித்துவிட்டுச் சிறிதளவு கொடுங்கள், மிச்சத்தை வைத்திருந்து ஊட்டாதீர்கள், அதில் நைட்ரைட் உருவாகும், அது குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைக் கெடுக்கும் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் அதே ஆணையம் 2010-இல், ஒரு நாளில் ஒரு வேளைக்கு மேல் ஸ்பினாச் உண்ணும் சில குழந்தைகளின் நிலையைக் கவலைக்குரியதாகவே சொல்லியிருந்தது. அவருக்கு எச்சரிக்கை வேண்டுமென்றால், வண்டியில் போன கீரையை வாங்கிய வீடுகளுக்கும் அது வேண்டும்.

அதே எண்ணோடு இன்னோர் அறிக்கை வந்தால், பெரியவர்கள் உண்பதற்கென்று இன்றும் கையெழுத்திடுவேன் என்றே நினைக்கிறேன். இப்போதெல்லாம் அனுப்புச் சீட்டில் நைட்ரேட் அளவையும் எழுதச் சொல்கிறேன். வாங்குபவர்கள் யாரும் இதுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அம்மா ஒதுக்கிய இலைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதை நிறுத்திவிட்டார்.