லவ்லெஸ்: குழையும் கிட்டார் ஒலி பெடலில் இல்லை, கையில் இருக்கிறது

மை ப்ளடி வேலன்டைன் ராக் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பம் 1991 நவம்பர் 4 அன்று க்ரியேஷன் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. டப்ளினில் தொடங்கி லண்டனில் நிலைகொண்ட குழு. 19 ஸ்டூடியோக்கள், இரண்டரை ஆண்டுக்கு மேல் பதிவு, லேபிளோடு தகராறு என்று அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம் அந்த ஒலிதான். அதை வாசித்துப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கோரஸ் (சுருதியை லேசாக ஆட்டும் விளைவு), ஃபிளாஞ்சர், டிலே என்று பெடல்களை (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகள்) வரிசையாக அடுக்குகிறார்கள். குழுவின் கிட்டாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ் விரும்பியதோ நேர் எதிர்: கிட்டார் மிக்ஸின் நட்டநடுவில், மோனோவாக, கோரஸ் எதுவுமே இல்லாமல்.

அடிப்படை உத்தி எளிது. ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் அல்லது ஜாக்வார் கிட்டாரின் ட்ரெமலோ பாரை (தந்திகளின் இழுவிசையை மாற்றிச் சுருதியை அசைக்கும் கம்பி) ஸ்ட்ரம் செய்யும் கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு ஸ்ட்ரம் செய்ய வேண்டும். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். பார் மீதி விரல்களுக்குள் தளர்வாக. கை இறங்கும்போது சுருதி லேசாக இறங்கும், ஏறும்போது திரும்பி வரும். அரை சுரத்துக்கும் குறைவான அசைவு போதும். அதைத் தாண்டினால் சர்ஃப் இசை போலக் கேட்கும். பார் தாழ்வாக இருந்தால் உள்ளங்கை தந்தியில் உரசும். அதைச் சற்று உயர்த்தி, அடிப்பகுதியில் டேப் சுற்றிப் பொருத்தினால் ஆடாமல் நிற்கும்.

கோரஸ் பெடல் ஏன் இந்த வேலையைச் செய்யாது? பெடல் எல்லாச் சுரங்களையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கும். பாரை அசைக்கும்போது ஒவ்வொரு தந்தியும் தன் தடிமனுக்கும் இழுவிசைக்கும் ஏற்ப வெவ்வேறு அளவு விலகும். அதனால் கார்டுக்குள்ளேயே சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். 'டு ஹியர் நோஸ் வென்' பாட்டில் தலைசுற்றுவது போல வரும் அந்த உணர்வுக்கு இந்த உரசலும் ஒரு காரணம்.

இனி ரிவெர்ப், அதாவது அறைக்குள் எழுவது போன்ற எதிரொலி. ஷீல்ட்ஸ் பயன்படுத்தியது யமஹா எஸ்பிஎக்ஸ்90 போன்ற ரேக் கருவியின் ரிவர்ஸ் ரிவெர்ப். உண்மையில் அது எதையும் பின்னோக்கி ஓட்டுவதில்லை. எதிரொலிகளைச் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்கி, சட்டென்று வெட்டிவிடுகிறது. மிக்ஸ் கட்டாயம் 100 சதவீதம் வெட், அதாவது எதிரொலி மட்டும். நேரடி ஒலி கொஞ்சம் கலந்தாலும் பிக் படும் 'டக்' ஓசை தலைகாட்டிவிடும், மாயம் போய்விடும். நீளம் 300 முதல் 400 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பழைய கார்டு புதிய கார்டின் மேல் வழியும். இன்னொன்று: முனை மழுங்கிய ஒலி எப்போதும் தாமதமாக வருவது போலக் கேட்கும், ஆகவே தாளத்துக்கு ஒரு துளி முன்னாலேயே வாசிக்க வேண்டும்.

ரிவெர்ப் முதலில், ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) அதற்குப் பிறகு. அப்போதுதான் மெதுவாக அடித்தால் மென்மையும் ஓங்கி அடித்தால் கரகரப்பும் கிடைக்கும். ஃபஸ் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) நினைத்ததைவிடக் குறையுங்கள். அதிகக் கெயினில் சுரங்கள் தங்களுக்குள் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களை உண்டாக்கும், நெருக்கமான கார்டெல்லாம் சேறாகிவிடும். ஷீல்ட்ஸ் மாற்றுச் சுருதிகளில் நிறைய வாசித்தவர். தந்திகளில் இரண்டை ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள், சேறு பாதியாகக் குறையும்.

கிட்டாரிலேயே வரும் சிக்கல்களும் உண்டு. 1958இல் ஜாஸ்மாஸ்டர் வந்த காலத்தில் தடித்த தந்திகளே வழக்கம். இன்று 9 அல்லது 10 கேஜ் (தந்தியின் தடிமன் அளவு) போட்டு ஓங்கி அடித்தால் தந்தி பிரிட்ஜ் சாடிலின் (தந்தி அமரும் துண்டு) ஆழமற்ற பள்ளத்திலிருந்து எகிறிவிடும். 11 அல்லது 12 கேஜுக்கு மாறுங்கள். கழுத்து பாடியோடு சேரும் குழியில் மெல்லிய ஷிம் (சிறு தகடு) வைத்துப் பிரிட்ஜை உயர்த்தினால் தந்தி சாடிலை இன்னும் அழுத்திப் பிடிக்கும். சுருதி திரும்பாமல் போனால் முதலில் நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தாண்டிச் செல்லும் பள்ளமிட்ட பட்டை) பாருங்கள்: தந்தி அங்கே சிக்கும். பென்சில் கிராஃபைட் தடவினாலே பெரும்பாலும் தீரும்.

ஆல்பத்தின் எல்லா ஒலியும் இப்படி வந்ததல்ல. 'ஒன்லி ஷாலோ' தொடக்கத்தின் அந்த அலறலுக்கு இரண்டு ஆம்ப்களை நேருக்கு நேர் வைத்து, இரண்டிலும் ட்ரெமலோ (இங்கே இது பார் அல்ல, ஒலியளவு ஏறி இறங்கும் விளைவு) வேகத்தை வேறுவேறாக அமைத்து, நடுவில் மைக் வைத்தார்கள். பதிவானதைத் திருப்பிப்போட்டு, சாம்ப்ளருக்குள் (பதிவான ஒலித்துண்டை மீண்டும் இசைக்கும் கருவி) ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பெடல்போர்டில் இதைத் தேடினால் கிடைக்காது.

டிரம்ஸையும் கவனியுங்கள். குழுவின் டிரம்மர் கோல்ம் ஓ கியோசோய்க் உடல்நலமின்றி இருந்ததால் பெரும்பாலான பாட்டுகளில் அவர் வாசித்த துண்டுகளே சாம்பிளாக லூப்பில் ஓடுகின்றன. அந்தத் தாளம் அசையாமல் நிற்பதால்தான் கிட்டாரின் ஆட்டம் காதுக்குத் தெரிகிறது. வீட்டில் பதிவு செய்யும்போது டிரம்ஸிலும் ரிவெர்பைக் கொட்டினால் ஆட்டத்துக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும். குரல் கிட்டாருக்கு மேலே ஏற வேண்டாம். பிலிண்டா புட்சரின் குரல் இந்த ஆல்பத்தில் இன்னொரு வாத்தியத்தின் அளவில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வரிகள் சரியாகப் புரிய ஆரம்பித்தால் குரல் ஃபேடரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.