அப்பாவின் ஃபியட்: எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

ஜூலை மாதம் ஆர்.சி. கார்டு, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. என் பெயரும் அப்பாவின் காருடைய பழைய மூன்றெழுத்து நம்பரும் ஒரே அட்டையில் இருந்தன. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். அந்த ஒரு அட்டைக்காக ஒன்பது மாதம், சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் ஏழு தடவை ரயில் பயணம். இதில் பாதியாவது தேவையில்லாத அலைச்சல். வேலையை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். வீட்டில் பழைய கார் நிற்கிறது, என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

கார் 1984 பிரீமியர் பத்மினி. எங்கள் தெருவில் இன்றும் அதற்கு ஃபியட் என்றுதான் பெயர். அப்பா புக் பண்ணி, காத்திருந்து, புதிதாக எடுத்தது. 2014-க்கு அப்புறம் ஓடவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், கயிற்றுக் கட்டிலையும் பழைய பாய்களையும் மேலே சுமந்துகொண்டு நின்றது. அப்பா 2023-ல் இறந்தார். வருஷத் திதி முடிந்த அன்று, "குடுத்துருவோமா, வச்சிக்கிடுவோமா, ஒண்ணு முடிவு பண்ணு" என்றாள் அம்மா. பழைய இரும்புக்காரர் 22,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார்.

வைத்துக்கொள்வதென்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். காரை நான் இன்னும் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. முதல் தவறு அதுதான்.

இரண்டாவது தவறு, அடுத்த வாரமே ரெக்கவரி வண்டி வைத்து ஒரு ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டது. 30,000 அட்வான்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். "எஞ்சினை இறக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார்கள். இரண்டே நாளில் இறக்கி, முழுசாகப் பிரித்தும் போட்டுவிட்டார்கள். 80,000-ல் ஆரம்பித்த எஸ்டிமேட் ஒரு மாதத்தில் 2,10,000 ஆனது. ஏன் என்று கேட்டால், "பிரிச்சாத்தானே தெரியுது" என்று பதில். பிரித்துப் போட்ட வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப்போகவும் வழியில்லை, மேலே பணம் போடவும் மனமில்லை. இரண்டு மாதம் போன் பண்ணிப் பண்ணியே ஓய்ந்துபோனேன்.

சரி, அதற்குள் பேப்பர் வேலையையாவது முடிப்போம் என்று டிசம்பரில் லீவு போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். ஆர்.சி. 2014-லேயே காலாவதி. முதல் கவுண்டரில், "எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேர் மாத்தலாம்" என்றார்கள். இரண்டாவது கவுண்டரில், "ஓனர் இறந்துட்டார்னா முதல்ல பேரை மாத்திட்டு வாங்க, அப்புறம் எஃப்.சி." என்றார்கள். இந்த இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் மதியம் வரை நடந்தேன். கடைசியில் ஒருவர் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பரே ஏறலையே" என்றார். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர்கள் பல இப்படித்தான் பழைய ரிஜிஸ்டரிலேயே தங்கிவிட்டன. முதலில் பேக்லாக் என்ட்ரி போட்டு அந்தப் பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் பென்சில் பிரின்ட் எல்லாம் வேண்டும். அது ஏறினால்தான் மற்ற எதுவும் நகரும். அப்புறம் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

எங்கள் வண்டியின் எஞ்சின் அப்போது இரண்டு சாக்குப் பையில் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ரயிலில் தூக்கமே இல்லை. ஒன்று மட்டும் தெளிவானது. எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் காசு போட்டால் சரியாகும். பேப்பர் சரியில்லை என்றால், எவ்வளவு காசைக் கொட்டினாலும் அது கொட்டகையில் நிற்கிற பொம்மைதான். முதலில் பார்த்திருக்க வேண்டியது ஆர்.சி.யை.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவையில் விண்ணப்பித்துச் சிக்கலில்லாமல் வந்தது. அக்காவும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஆர்.சி.யில் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், இறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்க இன்னொரு பயணம். உங்கள் வீட்டில் பழைய ஆர்.சி. இருந்தால் இன்றைக்கே எடுத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் யாருக்கும் அது நினைவில் வராது, எங்களுக்கும் வரவில்லை.

பிப்ரவரியில் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் காட்டினார். நாற்பது வருஷமாக ஃபியட், அம்பாசிடர் மட்டுமே பார்க்கிறவர். அவரே வந்து அந்த ஒர்க்ஷாப்பில் பேசி, சாக்குப் பைகளோடு வண்டியை மீட்டுக் கொடுத்தார். அட்வான்ஸ் போனது போனதுதான். பைகளைக் கொட்டி எண்ணிப் பார்த்தால் கார்புரேட்டர் ஜெட் ஒன்றும் நாலைந்து போல்ட்டும் குறைந்தன.

வந்ததும் அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. "ஆர்.சி. புக்கு எங்க தம்பி?" என்றுதான் கேட்டார். எஞ்சின் பிளாக்கில் நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் துணியால் துடைத்தார். எண்ணெய்க் கறை போனதும் உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்தார். மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, பென்சில் முனையைப் படுக்கப் போட்டு ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்தார். சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒத்துப்போகவில்லை. சேஸிஸ் நம்பர் சரி. எஞ்சின் நம்பர் முழுக்க வேறு.

"அப்பா எஞ்சின் மாத்திருக்காவ. புக்குல ஏத்தல" என்றார் அண்ணாச்சி.

எஞ்சின் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாவிட்டால் எங்கிருந்து வந்தது, திருட்டு எஞ்சினா என்ற கேள்வி வரும். பில் இல்லையென்றால் பதில் சொல்ல முடியாது. அம்மாவிடம் கேட்டால், "ஒரு தடவை தென்காசி ரோட்டுல புகை வந்து நின்னுச்சு, அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள்.

அப்பாவின் மேஜையை இரண்டு நாள் அலசினேன். கரண்ட் பில், எல்.ஐ.சி. ரசீது, எங்கள் ஸ்கூல் ஃபீஸ் கார்டுகூட வருஷவாரியாக இருந்தது. கார் பேப்பர் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் அக்கா போனில், "டேய், பீரோ மேல் தட்டுல அப்பாவோட சைக்கிள் லைசன்ஸ் இருந்த டப்பாவைப் பாரு" என்றாள். அதில்தான் இருந்தது: மதுரையில் வாங்கிய எஞ்சினுக்கு 1996-ல் போட்ட கார்பன் பில், நாலாக மடித்து. மடிப்பில் மை தேய்ந்திருந்தாலும் எஞ்சின் நம்பர் முழுசாகத் தெரிந்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில், "ஆர்.டி.ஓ.வில் காட்ட வேண்டும்." அந்த ஒரு வரியைப் பார்த்தபோது வந்த நிம்மதி, கார்டு கைக்கு வந்த அன்றுகூட வரவில்லை.

பேப்பர் ஓடும் என்று தெரிந்த பிறகுதான் அண்ணாச்சி பாடியைப் பார்த்தார். பத்மினிக்குத் தனியாக ஃபிரேம் கிடையாது, பாடியேதான் ஃபிரேம். அதனால் பெயின்ட் போனது, கதவு நசுங்கியது எல்லாம் பிரச்சினையே இல்லை. தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடும், பின்னால் லீஃப் ஸ்பிரிங் வந்து மாட்டும் இடமும் உயிரோடு இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அந்த மூன்றும் செத்திருந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான் என்றார்.

ரப்பர் மேட்டைத் தூக்கினோம். அடியில் இருந்த சணல் விரிப்பு ஈரச் சோறு மாதிரி பிய்ந்து கையோடு வந்தது. டிரைவர் பக்கம் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். மொறுமொறுவென்று உள்ளே இறங்கி, ஓட்டை வழியாகக் கொட்டகைத் தரை தெரிந்தது. எனக்கு மனசு விட்டுப்போனது. அவர் அசரவில்லை. பெட்டித் தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கெட்டியான சத்தம். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மழுங்கியது. அங்கே காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் விழுந்தது. உள்ளே முழுக்கப் பட்டி (ஓட்டையை அடைத்து மறைக்கிற பூச்சு), அரை அடி நீளத்துக்கு. ஸ்பிரிங் மாட்டும் இடம் இரண்டு பக்கமும் உறுதியாக இருந்தது. "தரை போனா வேற தகடு வெட்டி வச்சுக்கிடலாம். இது போயிருந்தாத்தான் விட்டுருங்கன்னு சொல்லிருப்பேன்" என்றார். ஒரு காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர், அரை மணி நேரம். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள். பளபளப்புக்கு அடியில் பட்டிதான் அதிகம் இருக்கும்.

அப்புறம்தான் கணக்குப் போட்டோம். தகடு வேலை 70,000. எஞ்சினைச் சேர்த்து ஓட வைக்க 55,000. நாலு டயர், பிரேக், வயரிங் 45,000. ஆர்.டி.ஓ. கட்டணம், தாமதக் கட்டணம், பசுமை வரி, அபிடவிட் எல்லாம் சேர்த்து 30,000 வரை. மொத்தம் இரண்டு லட்சம். இதே பத்மினியை ஓடும் நிலையில் விற்றால் ஒன்றரை லட்சம் கிடைப்பதே கஷ்டம் என்று விசாரித்த இரண்டு பேரும் சொன்னார்கள். விற்கிற எண்ணம் இருந்தால் இதைத் தொடவே கூடாது. சொந்தக்காரர் ஒருவர் வின்டேஜ் பதிவு வாங்கினால் விலை ஏறும் என்றார். அதற்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். எங்களுடையதுக்கு 2034 வரை காத்திருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதியில்லை.

நானும் அக்காவும் பேசினோம். ஷோவில் நிறுத்துகிற வண்டி வேண்டாம். ஊருக்குப் போகும்போது அம்மாவை வைத்து ஓட்டுகிற வண்டி போதும். அதனால் முழு பெயின்ட் கிடையாது, தகடு ஒட்டிய இடத்தில் மட்டும் பெயின்ட். பாதிச் செலவு அக்காவுடையது. இப்படித் தீர்மானித்ததும் எஸ்டிமேட் முப்பதாயிரம் குறைந்தது.

எஞ்சினைப் பிரிக்காமல் வைத்திருக்கிறவர்களுக்கு அண்ணாச்சி சொன்னது ஒன்று. வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மூன்று நாலு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோலையும் ஆயிலையும் முழுசாக இறக்குங்கள். எங்கள் எஞ்சினின் போர் (சிலிண்டரின் உட்பக்கம்) நன்றாகத்தான் இருந்தது. பிரித்திருக்கவே வேண்டாம் என்றார். அதைக் கேட்கும்போதுதான் அந்த 30,000 மறுபடி வலித்தது. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃபிரம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொன்னார். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிப்போகும். மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. டாக்சி ஓடும்வரை பார்ட்ஸுக்குக் கஷ்டமில்லை, இனிமேல் கிடைக்கும்போதே ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிரேக்குக்கான வீல் சிலிண்டர் கிட்டை இரண்டு செட் வாங்கி வைத்துவிட்டேன்.

ஜூனில் மறுபடி ஆர்.டி.ஓ. இந்தத் தடவை ஜன்னல்களில் நிற்காமல் நேராக சூப்பிரண்டென்டைப் பார்த்தேன். 1996 பில்லைப் பார்த்தார், பென்சில் பிரின்ட்டைப் பார்த்தார். "பேர் மாத்தம், புதுப்பிக்கிறது, எஞ்சின் நம்பர் மூணையும் ஒண்ணாக் குடுங்க" என்றார். டிசம்பரில் எனக்கு யாரும் சொல்லாத ஒரு வாக்கியம். இன்ஷூரன்ஸ் மூன்றாம் நபர் மட்டும் எடுத்தோம். 1089 சிசி என்பதால் பிரீமியம் 3,416, மேலே ஜி.எஸ்.டி. வண்டியை ரெக்கவரி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ரோட்டில் நூறு மீட்டர்கூட ஓட்டாதீர்கள் என்பதில் அண்ணாச்சி கறாராக இருந்தார். இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொல்லி நம்பரைப் பார்த்தார், ஹாரனும் லைட்டும் போடச் சொன்னார், பிரேக் பிடிக்கச் சொன்னார். பத்து நிமிஷம்.

ஆர்.சி.யைப் புதுப்பிக்க நான் கட்டியது 5,000. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மாதம் 500 தனி.

முன் கண்ணாடி ரப்பர் இன்னும் கிடைக்கவில்லை. மழை பெய்தால் இடது ஓரமாகச் சொட்டுகிறது. அந்தக் கார்பன் பில்லை லேமினேட் பண்ணி, நாலு நகலெடுத்து, ஒன்றை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.