முதலில் குகைக்குப் போயிருக்கலாம்

மார்ச் 3

கிரேயோன் முதலில் குகைக்குப் போயிருக்கலாம்.

மார்ச் 4

நேற்று எழுதியதேதான், விடமாட்டேன் என்கிறது. சோஃபோக்ளீசின் கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி' மொத்தம் 1,353 வரி. தடையை மீறி அண்ணன் பிணத்தைப் புதைக்கத் துணிந்த ஆன்டிகனியை மன்னன் கிரேயோன் குகையில் அடைத்திருக்கிறான். குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் கிரேயோனுக்கு நடுக்கம் எடுக்கிறது. என்ன செய்யட்டும் என்று முதியோர் குழுவிடம் கேட்கிறான். 1100ஆம் வரியை ஒட்டி அவர்கள் சொல்லும் பதிலில் குழப்பமே இல்லை: பாறை அறையிலிருந்து பெண்ணை விடுவி, வெளியே கிடக்கும் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. பெண் முதலில், பிணம் பிறகு.

நூறு வரி தள்ளி தூதன் வந்து சொல்வதில் வரிசை தலைகீழ். நாய்கள் குதறிய உடலைக் கழுவினார்கள், அப்போதுதான் ஒடித்த கிளைகளைப் போட்டு எரித்தார்கள், மண்ணை உயரமாகக் குவித்தார்கள், அதற்கப்புறம் குகை. அதற்குள் பெண் உயிரோடு இல்லை. பச்சைக் கிளை எப்போது பற்றி, எப்போது எரிந்து முடிவது? முதல் வாசிப்பில் இது கண்ணிலேயே படாது. தூதன் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அவன் பேச்சையும் 1100ஆம் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உறைக்கும்.

மார்ச் 5

பதில் வரவில்லை.

மார்ச் 6

கிரேயோனின் மனைவி யூரிடிசிக்கு நாடகம் முழுவதிலும் ஒன்பதே வரி. மகன் செத்த கதையைக் கேட்டுவிட்டு ஒரு சொல் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாள். இந்த இடத்தைச் சத்தமாகப் படிக்கிறவர்கள் அடுத்த வரிக்குத் தாவக் கூடாது. மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத் தொடரலாம். எண்ணாமல் படித்தால் அவள் போனதே தெரியாது.

மார்ச் 8

'மௌஸ்', ஆர்ட் ஸ்பீகல்மன் தன் அப்பாவின் நினைவுகளை வரைந்த படக்கதை, இரண்டாம் பாகம். நாஜி வதைமுகாம் ஆஷ்விட்ஸ் வாசலில் வாத்தியக் குழு இருந்ததாமே என்று மகன் கேட்கிறான். இல்லை, அணிவகுத்துப் போனதுதான் நினைவிருக்கிறது என்கிறார் அப்பா விளாடெக். ஒரு படக்கட்டத்தில் வாத்தியக்காரர்கள் நன்றாகத் தெரிகிறார்கள். பின்னால் அதே இடத்தில் நடந்து போகிறவர்கள் அவர்களை மறைத்துவிட, வாத்தியங்களின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஆவணம் சொல்வதும் அப்பா சொல்வதும் ஒரே பக்கத்தில், சண்டை போடாமல். பேச்சுக் குமிழியை மட்டும் மேய்கிறவர்கள் இந்த இடத்தைக் கோட்டைவிடுவார்கள். முதலில் கையால் எழுத்தை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்து முடித்துவிட வேண்டும்.

அச்சில் வரும் அளவிலேயேதான் ஸ்பீகல்மன் வரைந்தாராம், அதுவும் ஃபவுண்டன் பேனாவால். பெரிதாக வரைந்து சுருக்கினால் கோடு நறுக்கென்று வரும். இதில் கோடு கையெழுத்து மாதிரி தடித்தே நிற்கிறது. கடிதம் படிக்கிற உணர்வு அதனால்தானோ.

மார்ச் 9

வரிசையாகச் சொல்லுங்கள் அப்பா என்று மகன் கெஞ்சுகிறான். விளாடெக் மாத்திரை, பணம், இரண்டாம் மனைவி என்று எங்கெங்கோ போகிறார். போகட்டுமே. மகனின் அம்மா ஆன்யாவின் நாட்குறிப்புகளை எரித்துவிட்டேன் என்கிற விஷயம் அந்தச் சுற்றலின் கடைசியில்தான் வருகிறது. வரிசை பிசகாமல் சொல்கிறவராக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டார்.

மார்ச் 11

உ.வே.சா.வுக்கு வரிசைதான் உயிர். பிறப்பு, ஊர் ஊராகக் குடிமாற்றம், சங்கீதம், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், திருவாவடுதுறை. 1880 அக்டோபர் 21, கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கிறார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்க, முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இந்த இடத்துக்கு வருவதற்குள் 'என் சரித்திரம்' பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது.

விகடனில் தொடர் ஆரம்பித்தது 1940இல். அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் காலமானார். 122 அத்தியாயம் வந்தும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவைத்தான் தொட்டிருந்தது. பரிபாடல் (1918), குறுந்தொகை (1937) பதிப்பித்த கதையெல்லாம் வரவே இல்லை. எதை முதலில் சொல்வது என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

இன்றும் கூப்பிடவில்லை.

மார்ச் 12

பிள்ளையவர்களின் கடைசி இரவு, 1876. திருவாசகத்தில் அடைக்கலப் பத்து வாசிக்கச் சொல்கிறார். மாணவர் வாசிக்கிறார். அந்தப் பக்கங்களில் அழுகையை வருவிக்கும் அடைமொழி என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் தாங்கிக்கொண்டார்கள், எந்தப் பாட்டு, இவ்வளவுதான். கிரேக்கத் தூதன் பேசுவதும் இதே மாதிரிதான்.

இரவில் படித்திருக்க வேண்டாம்.

மார்ச் 13

'மௌஸ்' கடைசிப் பக்கம். பேசிப் பேசிக் களைத்துவிட்டது, கதை போதும் என்கிறார் விளாடெக். சொல்லும்போது மகனை ரிஷ்யூ என்று கூப்பிடுகிறார். அது போரில் செத்துப்போன மூத்த பிள்ளையின் பெயர். கீழே விளாடெக், ஆன்யா இரண்டு பேருக்கும் ஒரே கல்லறை. அதற்கும் கீழே ஆசிரியர் கையெழுத்து, 1978–1991. பதின்மூன்று வருஷம்.

மார்ச் 14

11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். 'ஆன்டிகனி' பையில் இருக்கிறது. மற்ற இரண்டும் கனம்.