ஒற்றைத் தடத்துத் தொழில்

மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் பணியாற்றிய எவருக்கும் "கல்முனைக்குக் கோச்சி எத்தனை மணிக்கு?" என்று ரயிலைப் பற்றிக் கேட்கும் கேள்வி புதிதாக இராது. கல்லோயாச் சந்தியில் பிரிந்து, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக 1928 இல் இங்கு வந்துசேர்ந்த பாதை எங்கள் மேடையோடு முடிந்துவிடுகிறது. கல்முனை உட்பட வாவிக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு இன்றும் பேருந்துதான்.

இப்பாதை பெரும்பாலும் ஒற்றைத் தடம் என்பதால், நாங்கள் கற்ற தொழிலின் உயிர்நாடி டெப்லட் எனப்படும் வட்டத் தகடே ஆகும். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் இத்தகடுகளை வைத்திருக்கும் இயந்திரங்கள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டபின், அது இரண்டில் ஒன்றினுள் திரும்ப இடப்படும்வரை வேறொன்றை எவராலும் எடுக்க இயலாது. தகடு கைக்கு வராமல் சாரதி வண்டியை நகர்த்தவும் கூடாது. இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் 1874 இல், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் ஒரே தடத்தில் எதிரெதிரே விடப்பட்ட இரண்டு ரயில்கள் மோதி 25 பேர் இறந்தனர். அதன் பின்னரே, 1878 இல், எட்வர்ட் டையர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாய்ச்சொல்லை நம்பாத இந்தப் பழைய இயந்திரத்தின்மீது எனக்குள்ள மதிப்பு கைபேசியின்மீது இல்லை.

பயணிகளுக்கு இது புரிவதில்லை. புரியவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. புணானையில் எதிர்வண்டிக்காகக் காத்துநிற்கும்போது, "என்ன மாஸ்டர், கோச்சிய இஞ்சயே கட்டிப்போட்டுட்டீங்களா?" என்று யன்னலுக்கு வெளியே தலைநீட்டிக் கேட்பார்கள். எதிர்வண்டி தாமதித்தால் இதுவும் தாமதிக்கும். அந்தத் தாமதம் அடுத்த வண்டிக்கும் தொற்றும்.

போர்க்காலத்தில் மட்டக்களப்புவரை ரயில் வராதிருந்த ஆண்டுகளும் உண்டு. அதற்கு முன்பும் பின்பும் எங்களை அதிகம் வாட்டியவை, ரயிலும் வீதி வாகனங்களும் ஒரே தளத்தில் சென்ற ஓட்டமாவடி, மன்னம்பிட்டிப் பாலங்கள். டெப்லட் இன்னொரு ரயிலைத்தான் தடுக்கும். நெல்மூட்டை ஏற்றிய லொறியை மறிப்பதற்குக் கதவும் காவலாளியும் வேண்டும். மன்னம்பிட்டியில் 2007 இல் வீதிக்கெனத் தனிப்பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஓட்டமாவடிக்கும் அந்த விடுதலை கிடைத்தது.

யானைக்கு எந்தத் தகடும் பொருந்தாது. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பகுதியில் எங்கள் பாதையின் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. காட்டுப்பகுதியில் இரவு வேகத்தைக் குறைப்பது நேரசூசியைக் குலைக்கும் என்று முறையிடுவோர் உண்டு. அரைமணி நேரம் பிந்தினாலும் வேகத்தைக் குறைக்கவே வேண்டும் என்பது என் கருத்து.